தபால்தலை அளவு பிளாஸ்டிக்

ஒரு பொருளைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, டாக்டரம்மா. வாஷரோ, திருகாணியோ, அறுந்த கம்பியோ, கையில் அகப்பட்டதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். மருமகள் துவைக்க எடுக்கும்போதெல்லாம் பையைக் கவிழ்த்துப் பார்த்து, "மாமா, உங்க சட்டையை உதறினா ஒரு சைக்கிளே செஞ்சிடலாம்" என்பாள். வேலை பார்த்த இடத்தில் வந்த பழக்கம். பாய்லர் அறைத் தரையில் ஒரு திருகாணி கிடந்தால், அது எங்கிருந்து கழன்றது என்று தெரிகிற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது.

அந்தப் பழக்கத்தால்தான் இன்றைக்கு இதை எழுத வேண்டியதாயிற்று.

போன வாரம் நீங்கள் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். அப்புறம், நான் கொடுக்கிற மாத்திரைக்கு இவ்வளவு மந்தம் வரக் கூடாதே, உங்கள் மகன் ஏன் இப்படித் தூங்கி வழிகிறார் என்றீர்கள். இரண்டாவது கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் கேள்விக்கு இந்தத் தாள்கள். வேறு மாதிரி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது முடியாமல் போயிற்று.

என் படிப்பு நாலாம் வகுப்பு. எழுத்து கொஞ்சம், எண் நிறைய. துணிக்குச் சாயம் போடுகிற ஆலையில் முப்பத்து நாலு வருடம் பாய்லர் ஆள். மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும். நீராவி அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு, புகைபோக்கிச் சூடு எவ்வளவு. கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அரை நாள் சம்பளம் போகும். ஆகவே வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியும். அழகாகச் சொல்ல வராது.

ஆலையில் நான் யாரையும் நம்பியதில்லை. பாய்லர் பழசு. பத்து வரை அழுத்தம் தாங்கும் என்று காகிதத்தில் இருந்தது. காகிதம் எழுதியவன் பாய்லருக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை. மானேஜர் பத்து வேண்டும் என்பார். நான் ஏழு கொடுத்தேன். அழுத்தம் காட்டுகிற கேஜின் கண்ணாடியைக் கழற்றி முள்ளை லேசாகத் திருப்பி மாட்டிவிட்டேன். உள்ளே ஏழு இருக்கும், முள் பத்தைக் காட்டும், நோட்டிலும் பத்து ஏறும். பதினோரு வருடம் அப்படி ஓடியது. எல்லோருக்கும் நிம்மதி. கடைசியில் சாயம் நிற்கவில்லை என்று துணி திரும்பித் திரும்பி வந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள். சாயத்தை மாற்றினார்கள். சாய மேஸ்திரி திருடுகிறான் என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஆலையையே மூடினார்கள். இருநூறு பேருக்கு வேலை போயிற்று. அது வேறு விஷயம். நான் இருந்த வரைக்கும் பாய்லர் வெடிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மகனுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரே பிள்ளை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் அம்மா போனபோது அவனுக்கு இந்த மனக்கோளாறு முதல் தடவை வந்தது. பழைய டாக்டர் எழுதிய காகிதம் உங்கள் பைலில் இருக்கிறது. மூன்று மாதம். நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் ஊட்டினேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பான். "பூட்டிட்டேப்பா" என்பேன். முகம் தெளிந்துவிடும். அந்த மூன்று மாதமும் எங்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. அதற்கு முன்னால் அவன் என்னோடு சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை.

பிறகு குணமானான். மாத்திரையை நிறுத்தினார்கள். வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள். நல்ல பெண்தான். கண் மட்டும் ரொம்பக் கூர்மை.

இந்த வருடத் தொடக்கத்தில் கடல் தாண்டி ஒரு கம்பெனியிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. கட்டப்போகிற வீட்டின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, கட்டி முடித்த வீடு மாதிரியே காட்டுகிற வேலை. ஜன்னலில் வெயில் விழுவது வரை தெரியும். பன்னிரண்டு நாள் வீட்டிலிருந்தே செய்து காட்ட வேண்டும். தேறினால் மனைவியோடு போய்விடலாம்.

"மூணே வருஷம்பா. போய் ஒரு இடம் பாத்ததும் உங்களையும் கூப்பிட்டுக்கறோம்" என்றான்.

"சரிப்பா" என்றேன்.

ஆலையை மூடின அன்றைக்கு மானேஜரும் எங்களைப் பார்த்து இதே வார்த்தையைத்தான் சொன்னார். கூப்பிட்டுக்கறோம்.

பழைய கம்ப்யூட்டர் அந்த வேலைக்குத் தாங்காதாம். பாகம் பாகமாக வாங்கி வந்து தானே கட்டினான். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய போர்வையை விரித்து அட்டைப்பெட்டிகளை அடுக்கினான். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

"அப்பா, இதான் மூளை" என்று ஒரு சதுரத் தகட்டைக் காட்டினான். பிஸ்கட்டைவிடச் சின்னது.

"இத்துனூண்டு மூளைக்கா இவ்ளோ பெரிய மண்டை?"

"சிரிக்காதீங்க. வேலை செய்ய ஆரம்பிச்சா கொதிக்கும். உங்க பாய்லர் மாதிரி. அதான் மேல இந்தச் செம்புத்தட்டு, அதுக்கு மேல தகடு தகடா ரெக்கை, அதுக்கு மேல ஃபேன். சூடு ஏறி ஏறி வெளிய போயிடும்."

"நடுவுல என்ன களிம்பு தடவறே?"

"மூளைக்கும் தட்டுக்கும் நடுவுல காத்து நிக்கக் கூடாதுப்பா. நின்னா சூடு தாண்டாது."

"பாய்லர் குழாய்ல உப்பு படிஞ்சா இதே கதைதான். காகிதம் கனம் படிஞ்சாப் போதும், குழாய் பழுத்துடும்."

"பாத்தீங்களா? நீங்க மட்டும் படிச்சிருந்தா என்னையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருப்பீங்க."

செம்புத்தட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. சிவப்பில் ஏதோ அச்சடித்திருந்தது. என்ன என்று கேட்டேன்.

"மாட்டறதுக்கு முன்னாடி உரிச்சிடுன்னு போட்டிருக்கான். இதை உரிக்காம மாட்டிட்டு, ஏன் சூடாகுது, ஏன் சூடாகுதுன்னு மண்டையை உடைச்சுக்கறவன்தான் ஊர்ல பாதிப் பேரு." உரித்து என் கையில் கொடுத்தான். "இந்தாங்க, உங்க சைக்கிளுக்கு."

இருவரும் சிரித்தோம். நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாலு திருகாணிகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பக்கமாக இறுக்கினால் தட்டு சாய்ந்துவிடும். மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டான். திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற எண் வந்தது. முப்பத்தெட்டு. பெரிய வேலை கொடுத்துப் பார்த்தான். அறுபத்தாறில் நின்றது. நான் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பாய்லர்காரன் உள்ளங்கையால் எதையும் தொட மாட்டான். வலி வந்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், புறங்கை விலகிக்கொள்ளும்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் இரண்டு நாள் அவன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தான். கம்பெனிக்காரன் போனில் பாராட்டினானாம். மருமகள் அலமாரி மேலிருந்த பெட்டிகளை இறக்கி நீள அகலம் பார்த்தாள். எந்தப் பெட்டியில் என் துணி போகும் என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தினமும் காலையில் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பப் பதினெட்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்க்காமலே எனக்கு நேரம் தெரியும். மூன்றாம் நாள் அவர்கள் தெருமுனை திரும்பினதும் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துக் கதவைக் கழற்றினேன். நாலு திருகாணி. செம்புத்தட்டை எடுத்து, களிம்பை ஓரம் ஒதுக்கித் துடைத்துவிட்டு, பையிலிருந்த தாளை இருந்த இடத்திலேயே ஒட்டி, மீதிக் களிம்பை அதன் மேலேயே தடவி, குறுக்கும் மறுக்குமாக இறுக்கினேன். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. கை கழுவி டீயும் போட்டுவிட்டேன். கோபத்தில் செய்ததில்லை, டாக்டரம்மா. அழுத்தம் ஏறுகிற மாதிரி தெரிந்தது. கொஞ்சம் இறக்கிவிட்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அன்றைக்குப் பத்தரைக்குள் எண் தொண்ணூற்றேழுக்குப் போயிற்று. மிஷின் தானாக அணைந்தது. போட்டான், அணைந்தது. ஜன்னலைத் திறந்தான். மேஜை ஃபேனைப் பெட்டிக்கு நேராகத் திருப்பினான். ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தான். திரையில் எதையெதையோ மாற்றினான். சாயங்காலம் உதிரிபாகம் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"களிம்பு சரியாத் தடவினீங்களா சார்?"

"தடவினேங்க. ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு."

"தட்டுக்கு அடியில பிளாஸ்டிக் ஒண்ணு இருக்குமே, உரிச்சீங்களா? கோவிச்சுக்காதீங்க. வாரத்துக்கு ரெண்டு பேர் உரிக்காம மாட்டிட்டு எங்களைத் திட்டறாங்க."

"உரிச்சேங்க. உரிச்சு எங்கப்பா கையில குடுத்தேன்." என் பக்கம் திரும்பினான். "குடுத்தேன்லப்பா?"

அதுவரைக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆமாம் என்றிருந்தால் வேறு எங்காவது தேடியிருப்பான். கடைசியில் தாள் கண்ணில் பட்டிருக்கும், உரித்துவிட்டு மாட்டியிருப்பான்.

"எதைப்பா?" என்றேன்.

"அந்தத் தாள். உங்க சைக்கிளுக்குன்னு சொல்லிக் குடுத்தேனே."

"அப்படி எதுவும் குடுக்கலியேப்பா."

போனை வைத்தான். பிறகு போய்க் கழற்றினான். தட்டைத் திருப்பிப் பார்த்தவன் வெகுநேரம் திருப்பியபடியே வைத்திருந்தான். ரெண்டு நாள் எப்படி ஓடியது என்று அவன் கேட்கவில்லை. தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டான். தாளை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். அவன் குளிக்கப் போனதும் நான் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் மறதி வர்றதுதான்" என்று சாப்பிடும்போது சொன்னேன்.

"உரிச்ச ஞாபகம் இருக்கேப்பா. நீங்க சிரிச்சது ஞாபகம் இருக்கு."

"அது வேற எதுக்கோ சிரிச்சிருப்பேன்."

மருமகள் அவன் தட்டில் பரிமாறிக்கொண்டே, "விடுங்க, சரியாயிடுச்சில்ல. வேலையைப் பாருங்க" என்றாள். மறுநாள் அவள் பார்க்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டினான். "நல்லாப் பாத்துக்கோ. தாள் இல்ல. நாலு ஸ்க்ரூவும் டைட். நாளைக்கு நீதான் சாட்சி" என்றான். அவள், "கையெழுத்து வேணாமா?" என்று சிரித்தாள்.

அவள் பார்த்துவிட்டதால் தாளை மறுபடி வைக்க முடியாது. ஐந்தாம் நாள் குறுக்காக இரண்டு திருகாணிகளை மட்டும் தளர்த்தினேன். தொண்ணூற்றொன்று. திறந்து பார்த்தவன் விரலால் திருகாணியைச் சுற்றிப் பார்த்தான், அது சுற்றியது. மறுபடி இறுக்கினான். ஏழாம் நாள் ஃபேன் வயரை மயிரிழை வெளியே இழுத்து வைத்தேன். எதைச் செய்தாலும் மறதிக்காரன் செய்யக்கூடியதாகத்தான் செய்தேன். கத்தரிக்கோல் வைக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. பிள்ளை ஆசையாகக் கட்டிய பொருள்.

இடையில் ஆறாம் நாள் அவனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னமோ ஆகுதுப்பா எனக்கு. பயமா இருக்கு. மறுபடி வருதோன்னு."

எத்தனையோ வருடம் கழித்து அவனாக வந்து உட்கார்ந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "ஒரு நோட்டுப் போடு. மணிக்கு ஒரு தடவை சூட்டை எழுது. எழுதினா மனசு நிக்கும். நான் முப்பத்து நாலு வருஷம் அதான் செஞ்சேன்" என்றேன். நானே கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

ஒழுங்காக எழுதினான். மதியம் சாப்பிட்டு அரைமணி படுப்பான். எட்டாம் நாள் அவன் படுத்திருக்கும்போது இரண்டு மணிக் கட்டத்தில் தொண்ணூற்றேழு என்று எழுதிவைத்தேன். அவனுக்கு எண் எழுதப் பழக்கியது நான். என் மடியில் உட்காரவைத்து, ஏழுக்கு நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றோடு குழம்பாமல் இருக்க. அவன் ஏழும் என் ஏழும் ஒரே ஏழுதான்.

எழுந்து வந்து நோட்டைப் பார்த்தான்.

"இதை எப்பப்பா எழுதினேன்? தூங்கிட்டிருந்தேனே."

"எழுந்து வந்து பாத்தே, எழுதினே, திரும்பப் போய்ப் படுத்துட்டே. கூப்பிட்டேன், திரும்பல."

நோட்டை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிமிடம்தான் ஏதோ ஒன்று உள்ளே கழன்றது என்று நினைக்கிறேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் கேட்பதும் இல்லை.

ஒன்பதாம் நாளிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். மிஷினை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை, டாக்டரம்மா. தொட வேண்டியிருக்கவில்லை. அவனே ஒரு நாளைக்குப் பத்து தடவை கழற்றி மாட்டினான். களிம்பு தீர்ந்தது. திருகாணியின் மரை தேய்ந்தது. நன்றாக ஓடினால், ஏன் ஓடுகிறது என்று கழற்றினான். கம்பெனிக்காரன் போன் அடித்தால் எடுக்கவில்லை. பத்தாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது செருப்பைக் கழற்றக்கூட அவன் விடவில்லை.

"உனக்குப் போறது புடிக்கல. அதான் நான் தூங்கும்போது வந்து ஏதோ பண்றே."

"என்னங்க பேசறீங்க? பெட்டி எடுத்து வச்சவளே நான்தானே."

"யாரோ பண்றாங்க. நான் பண்ணல. யாரோ பண்றாங்க."

அவள் என்னைப் பார்த்து, "மாமா, நீங்களாவது சொல்லுங்க. பகல் பூரா நீங்கதானே கூட இருக்கீங்க. யாராவது வந்தாங்களா?" என்றாள்.

"யாரும் வரலம்மா" என்றேன். அது உண்மை. யாரும் வரவில்லை.

பதினோராம் நாள் தட்டையே கழற்றிவிட்டு மிஷினைப் போட்டு, மூளைத் தகட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு சூடு என்று தனக்கே தெரிய வேண்டுமாம். எண்ணை நம்ப முடியவில்லையாம். விரல் நுனி வெந்து பொங்கியிருந்தது. புறங்கையால் தொட வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான்தான் மருந்து போட்டேன். நான்தான், "அந்த டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று மருமகளிடம் சொன்னேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் உங்களிடம் வந்தோம். பன்னிரண்டாம் நாள், கம்பெனிக்குப் படம் அனுப்ப வேண்டிய நாளில், உங்கள் அறையில் இருந்தோம்.

யாரோ பண்றாங்க என்று உங்களிடமும் சொன்னான். நீங்கள் அந்த வரியை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டீர்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்தது. அவன் அன்றைக்குச் சொன்னதிலேயே சரியான வாக்கியம் அது ஒன்றுதான். நீங்கள் அதற்காகத்தான் மாத்திரையைக் கூட்டினீர்கள். உங்கள் மேல் குறை இல்லை. உங்கள் கேஜில் பத்து என்று காட்டியது.

மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் சத்தம் இல்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஊட்டினால் சாப்பிடுகிறான். அவள் பெட்டிகளை அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். கம்ப்யூட்டரின் மேல் அந்தப் பழைய போர்வையைப் போட்டு மூடியிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க எடுத்தாள். மூன்று மாதமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் தாளை எடுத்து அடுத்த சட்டைப்பைக்கு மாற்றிவந்தவன், அன்றைக்கு மறந்துவிட்டேன். சைக்கிள் ஜோக் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெளியே வந்தபோது அவள் கையில் அந்தத் தாள் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸைப் பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"மாமா, எங்க கடையில லென்ஸ் மேல இதே மாதிரி தாள்தான் வரும். ஒரு நாளைக்கு அம்பது உரிக்கிறேன். உரிச்சதைத் திரும்ப ஒட்டினா எனக்குத் தெரியும். இதோட ஒட்டுப் பக்கத்துல நீலமா நூல் துணுக்கு இருக்கு. உங்க சட்டை நூல். சும்மா பையில கெடந்து ஒட்டியிருந்தா மேலாப்ல இருக்கும். இது நசுங்கித் தட்டையா இருக்கு. பையில இருந்து அங்க போய், அங்க அழுந்தி, அப்புறம் திரும்ப வந்திருக்கு."

அவள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். பக்கம் புரட்டி எட்டாம் நாளில் விரல் வைத்தாள்.

"ஒன்பது மணி. நாற்பத்தேழுன்னு எழுதியிருக்கு. எட்டாம் நாள் ஒன்பது மணிக்கு அவர் என்கூட பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தார், மாமா."

அது என் தப்புதான். சும்மா ஓடிக்கொண்டிருந்த மிஷின், நாற்பத்தேழில் இருந்தது, நேரம் ஒன்பது, கட்டம் காலியாக இருந்தது. காலியான கட்டத்தைப் பார்த்தால் என் கை நிற்காது. அதில் எந்தத் திட்டமும் இல்லை. முப்பத்து நாலு வருடப் பழக்கம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நாற்காலியில் இருந்தவனின் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறோம். அதுக்குள்ள நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா தாளையும் நோட்டையும் நான் எடுத்துட்டுப் போறேன். அப்புறம் இவரை எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க தனியா இருந்துக்கோங்க."

ஆகவே எழுதியிருக்கிறேன். தாளை இந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். இன்னும் நன்றாகவே ஒட்டுகிறது.

நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். அவனுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் கிழவன் செய்தது என்று மாத்திரையைக் குறைத்தால் அவன் தெளிவான். தெளிந்தால் யோசிப்பான். யோசித்தால் மறுபடி அந்தக் கம்பெனி, அந்தப் பெட்டி, அந்தக் கடல். ஏறுகிற சூட்டை யார் பார்ப்பார்கள்? அவளுக்கு வேலை இருக்கிறது. நான்தான் இருக்கிறேன்.

இப்போது வியாழக்கிழமை காலை பத்து மணி. அவள் எட்டரைக்கு அவனுக்கு மாத்திரை கொடுத்து, நான் பார்க்க விழுங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன்னால் அவன் தலையைத் தூக்கினான். தினமும் இந்த நேரத்துக்குக் கொஞ்சம் தெளிவு வரும். அப்போது கேட்பான்.

"அப்பா, மாத்திரை போட்டேனா?"

"இன்னும் போடலப்பா. இந்தா."

வாங்கி விழுங்கினான். வாயைத் துடைத்துவிட்டு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். இதை அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் கையை அவன் நம்புவதில்லை. தன் கண்ணை நம்புவதில்லை. பெண்டாட்டியை நம்புவதில்லை. இந்த உலகத்தில் அவன் நம்புகிற ஆள் நான் ஒருவன்தான். அதையும் கெடுத்துவிட்டால் பாவம், பிள்ளை தாங்க மாட்டான்.